தலைவர் படத்துக்குக் கருப்பு ஓரம்

எழில்மொழியிடம் எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடி திரும்பி வராது. பள்ளிச் சீருடையின் மேல்கோட்டில் பொத்தான்களின் நிறத்தை மாற்றித் தைத்துக்கொண்டு போய் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றவள் அவள். நின்று முடித்ததும் வீட்டுக்கு வந்து மீதியிருந்த ஒரு பொத்தானையும் மாற்றினாள். அடங்காப்பிடாரி என்று ஊரில் சொன்னார்கள். அவளுடைய அப்பா செல்லதுரை மட்டும், பிள்ளைக்குக் கண் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருத்திக்கு ஏற்ற வேலை உலகத்தில் ஒன்று இருந்தது. செல்போன் ஆப்பிலும் இணையதளத்திலும் நாம் தொடுகிற பட்டன், பெட்டி, பட்டியல், படம் போடுகிற அட்டை எல்லாம் யாரோ எங்கோ செய்து வைத்த ரெடிமேடு சரக்கு. அதை எடுத்து நிறம், ஓரம், மூலை வளைவு, நிழல், எழுத்தின் கனம் என்று வேண்டியபடி மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும். கடையில் வாங்கின சட்டையை இடுப்பில் பிடித்துக் கையைக் குட்டையாக்கிப் போட்டுக்கொள்வது மாதிரிதான். இந்த வேலைக்குச் சென்னையில் சம்பளமும் நாற்காலியும் கொடுத்தார்கள்.

ஆனால் மாற்றத்தான் விடவில்லை. ஒரு வெளிநாட்டு வங்கியின் ஆப்புக்கு வேலை. பட்டனின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்பதைக் கடல் தாண்டி ஒரு குழு முடிவு செய்து அனுப்பியிருந்தது. எழில்மொழி ஒருநாள் அதை இன்னும் கொஞ்சம் வளைத்துவிட்டாள். அவ்வளவுதான். மேலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து விசாரித்தார்கள், கொலைக் கேஸ் தோற்றது. இவளோ மூலை இப்போதுதான் அழகாக இருக்கிறது என்று கடைசிவரை சாதித்தாள். அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். செல்லதுரை, மகள் லீவில் வந்திருப்பதாக எல்லோரிடமும் சொன்னார். ஒரு வருடம் கழித்தும் அதையேதான் சொன்னார்.

திருவிடைமருதூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் அறை பிடித்தாள். முதல் வேலை சுற்றுவட்டார உழவர்கள் சேர்ந்து நடத்துகிற கம்பெனியிடமிருந்து வந்தது. அறுவடை மெஷின், டிராக்டர் எல்லாவற்றையும் வாடகைக்குப் போனிலேயே பதிவு செய்ய ஓர் ஆப். கம்பெனியின் தலைவர் கோவிந்தராசு.

இங்கே யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. பதிவு செய்யும் பட்டன் வெளிறிப்போய் இருந்தது, வயல் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. அதைக் கட்டை விரலில் சேறு இருந்தாலும் தப்பாத அளவுக்குப் பெரிதாக்கி, அழுத்தமான நிறம் கொடுத்தாள். இப்படியும் அப்படியும் நகர்த்துகிற சுவிட்ச் ஒன்று யாருக்கும் விளங்கவில்லை. அதன் மேலேயே ‘வேணும்’, ‘வேணாம்’ என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் எழில்மொழியே இல்லை. காத்திருக்கும்போது சுற்றுகிற வட்டத்தை எடுத்துவிட்டு ஒரு குட்டி அறுவடை மெஷினைச் சுற்றவிட்டாள். மெஷின் எதுவும் கிடைக்காத நாளில் திரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று நம்மையே பார்க்கும். போன் நம்பரைத் தப்பாகப் போட்டால் அந்தப் பெட்டி தலையை ஆட்டும். அது ஆட்டுவதைப் பார்ப்பதற்காகவே தப்பாகப் போட்டவர்கள் உண்டு.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான். தை மாதம் பொதுக்குழு கூடி, ஆப்பைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும். வேண்டாம் என்றால் எழில்மொழி மறுபடி சென்னைக்குப் போய், தொடக்கூடாத மூலைகளுக்கு நடுவில் உட்கார வேண்டியதுதான். அந்த நினைப்பு வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது.

பொதுக்குழுவுக்கு நாலைந்து நாள் இருக்கையில் கோவிந்தராசு மாடியேறி வந்தார். அவருக்குத் தலைவர் பதவி முடிகிற வாரம் அது. மறுபடியும் நிற்கப் போகிறார். மதகுத் தண்ணீர் தகராறில் பல வருடமாகப் பேசாத துரைக்கண்ணு எதிர்த்து நிற்பதாகப் பேச்சு. அதனால் ஆப்பைத் திறந்ததும் தன் படம் வரவேண்டும் என்றார். சாதாரணமாக வரக்கூடாது. பெரிய மனிதர்களின் ஆப்பில் இருக்கிற மாதிரி கருப்புப் பின்னணியில் கம்பீரமாக வர வேண்டும். படத்தையும் கருப்பு வெள்ளையாக்கிவிடச் சொன்னார், கலரில் தொந்தி தெரிகிறதாம். கீழே பெயர். பெயருக்குக் கீழே பதவி ஏற்ற தேதி, பதவி முடியும் தேதி. இவ்வளவும் சொல்லிவிட்டுப் படியிறங்கியவர் பாதியில் திரும்பி வந்து, மேலேயிருந்து பூக் கொட்டினால் நன்றாக இருக்கும் என்றார்.

எழில்மொழி ஒவ்வொன்றாகச் செய்தாள். அட்டையின் பின்னணியைக் கருப்பாக்கினாள், ஓரத்தைக் கனமாக்கினாள், படத்தின் நிறத்தை உறிஞ்சினாள், தேதிகளைப் போட்டாள். கடைசியாக ரோஜா இதழ்களை மெல்ல உதிரவிட்டுத் தன் போனில் திறந்து பார்த்தாள்.

கும்பகோணம் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவள் கையில் இருந்தது. இரண்டாவது தேதி வேறு இந்த வாரத்துத் தேதி. எழில்மொழி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தை எடுத்து ஒரு மஞ்சளைப் பூசினால் முடிந்தது. ஆனால் அவர் கேட்டது இதுதானே. காலையில் முதல் வேலையாகத் தன் படத்தைத்தான் பார்ப்பார், பார்த்ததும் போனில் கத்துவார், அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். இப்படி யோசித்து, சம்பா அறுவடைப் பதிவுக்கான புதுப் பக்கங்களோடு அதையும் சேர்த்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டாள்.

அவள் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. கோவிந்தராசு விடியற்காலையில் வயல் பார்க்கப் போகும்போது போனை எடுத்துப் போகிற ஆள் இல்லை. ஊரோ அறுவடை நேரத்தில் கண் விழித்ததும் மெஷின் கிடைக்குமா என்று ஆப்பைத்தான் திறக்கும்.

திறந்தது. கருப்பு ஓரத்தைப் பார்த்தவர்கள் தேதியைப் படித்துக்கொண்டிருக்கவில்லை. பொழுது நன்றாக விடிவதற்குள் தலைவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. பறை அடிக்க யாரைக் கூப்பிடுவது என்று தெருமுனையில் ஒரு விவாதம் நடந்தது. யாரோ பொறுப்பான ஆள் ஐஸ் பெட்டிக்கே சொல்லிவிட்டார். வரப்பில் வந்துகொண்டிருந்த கோவிந்தராசு கூட்டத்தைப் பார்த்துப் பதறி ஓடிவந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கடைசியில் நின்றவனைக் கேட்டார். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, தலைவர் போய்விட்டார் என்று வருத்தத்தோடு தெரிவித்தான். ஐஸ் பெட்டி வண்டி திரும்பிப் போக இடம் காட்டியவரே தலைவர்தான்.

சேதி தெரிந்ததும் எழில்மொழி படத்தை எடுத்துவிட்டு ஸ்கூட்டரில் பறந்தாள். ஒப்பந்தம் போயிற்று, சென்னைதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். போய்ப் பார்த்தால் கோவிந்தராசு நாற்காலி போட்டுக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரின் சாவுக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை என்று வந்தவர்களே சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றுக்கும் மேலாக, துரைக்கண்ணு ஆளுயர ரோஜா மாலையோடு வந்து வாசலில் விழுந்து அழுதிருந்தார். ஊர் பார்க்க அப்படி அழுத பிறகு அவர் எந்த முகத்தோடு எதிர்த்து நிற்பார்? மாலையைத் திருப்பி எடுத்துப் போகவும் வழியில்லாமல் அவர் அதை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். கோவிந்தராசு எழில்மொழியைக் கண்டதும் சிரித்தார். பாப்பா மேல் தப்பில்லை, எல்லாம் நான் கேட்டதுதான் என்று கூட்டத்துக்கே கேட்கச் சொன்னார். அடுத்த வருடமும் ஆப் அவள் கையில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

எழில்மொழிக்கு உயிர் வந்தது. கிளம்பப் போனவளைத் தலைவரின் மனைவி அம்சம் அடுப்படிக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“அவரு கேட்டாரு, நீ போட்ட. சரி. முடிச்சிட்டுப் பாத்தப்ப உனக்குத் தெரிஞ்சிச்சா, இல்லையா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியே தலைவரே அவள் மேல் தப்பில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

“தெரிஞ்சிச்சும்மா. சிரிப்பு வந்திச்சு. விட்டுட்டேன்.”

அம்சம் அடுப்பு விறகை உள்ளே தள்ளினார்.

“நான் வாசல் தெளிச்சிகிட்டு இருந்தேன். கீழத்தெருப் பொம்பளைங்க தலைய விரிச்சிகிட்டு வந்து என்னைக் கட்டிகிட்டு அழுவுறாங்க. அவரு வயலுக்குப் போயிருக்காரு. போன எடத்துல விழுந்துட்டாருன்னுதான் நெனச்சேன். வரப்புல அவரு தலை தெரியற வரைக்கும் நான் செத்துதான் நின்னேன். வந்த மனுசன் என்னைத் திரும்பிப் பாக்கல. எவ்வளவு கூட்டம்னு எண்ணிகிட்டு இருந்தாரு.”

எழில்மொழிக்கு அவமானமாக இருந்தது. தலைவரை நினைத்து அவ்வளவு சிரித்தவளுக்கு, அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. மன்னித்துக்கொள்ளும்படி கேட்டாள். அம்சம் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேண்டியது வேறாக இருந்தது.

“என் படத்தையும் போடு. அதே மாதிரி கருப்புல, பூக் கொட்டணும். தேதியும் போடு. அவரு போன்ல மட்டும் தெரியட்டும்.”

ஊருக்கெல்லாம் தெரிந்த சேதி தனக்குக் கடைசியில் தெரிந்ததிலிருந்து தலைவர் போனை மடியிலேயே கட்டிக்கொண்டு அலைகிறாராம். நாளைக் காலையில் அவர் வயலில் நிற்கும்போது வர வேண்டும் என்றார் அம்சம்.

கிடைத்த ஒப்பந்தத்தைக் கையாலேயே கிழித்துப் போடுகிற காரியம் இது. எழில்மொழிக்குத் தெரியாமல் இல்லை. மனிதர் கோபித்துக்கொண்டால் பொதுக்குழுவில் ஒரு வார்த்தை போதும். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அம்சத்தின் கை அப்போதும் தாலியைப் பிடித்தபடியே இருந்தது. பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது எழில்மொழி லேப்டாப்போடு அந்த அடுப்படியில் இருந்தாள். அம்சம் கொடுத்த படத்தில் அவர் பட்டுப்புடவையில் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் நிறத்தை உறிஞ்சும்போது எழில்மொழிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின அட்டையின் ஓரம், நிழல், இதழ்கள் எல்லாவற்றையும் அப்படியே பொருத்தினாள். அன்றைய தேதியைப் போட்டாள். தலைவரின் நம்பருக்கு மட்டும் தெரியும்படி வைத்து அனுப்பினாள். அம்சம் முறத்தில் கீரையைக் கொட்டிக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து வயல் தெரியும்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. தூரத்தில் வாய்க்கால் கரையில் நின்றிருந்த வெள்ளை வேட்டி திடீரென்று அசைந்தது. வரப்பில் சுற்றி வர அவருக்குப் பொறுமை இல்லை. உளுந்து தெளித்த வயலில் ஒரு ஆட்டுக்குட்டி கால் வைத்தாலே ஊரைக் கூட்டுகிற கோவிந்தராசு, தன் உளுந்தைத் தானே மிதித்துக்கொண்டு நேர் குறுக்காக ஓடி வந்தார். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. அவர் நிற்கவில்லை. வேட்டி அவிழ்ந்து ஒரு கையில் இருந்தது, இன்னொரு கையில் போன் இருந்தது. ஏதோ கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் அது அம்சத்தின் பெயர் என்று எழில்மொழிக்குக் கேட்டது.

அம்சம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோவிந்தராசு படிக்குக் கீழே நின்றார். மனைவியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார். மூச்சு அடங்கவே நேரம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற எழில்மொழியையும் பார்த்துவிட்டார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இனி கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவிழ்ந்த வேட்டியை ஒருவழியாகக் கட்டிக்கொண்டு படியில் அம்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு கீரைத் தண்டை எடுத்து இலையைக் கிள்ளத் தொடங்கினார். தண்டும் சேர்ந்துதான் வந்தது. அம்சம் அதை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

“எழிலு” என்றார் கோவிந்தராசு, திரும்பிப் பார்க்காமலே. “ரெண்டு பேரு படத்தையும் ஒண்ணாப் போட்டுடு. கலர்ல. பொதுக்குழுல எல்லாருக்கும் காட்டணும், லேப்டாப்ப எடுத்துகிட்டு வந்துடு.”

அம்சம் அவரைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“பூக் கொட்ட வேணாமா?”

“வேணாம்” என்றார் கோவிந்தராசு.