அகலத் திரையில் கலாவதியின் அம்மா

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹால் ஜன்னல்கள் அத்தனையையும் ஜமக்காளத்தால் மூடினோம். எதிர்வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்து, "யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

"இல்லீங்க, படம் பாக்கப் போறோம்" என்றேன்.

"டிவி ரிப்பேருங்களா?" என்றார். அவருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

உங்களுக்குச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். ரிட்டையர் ஆனவர்கள் கோயிலுக்குப் போவார்கள், பென்ஷனைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பழைய புரொஜெக்டர் வாங்குகிறார். அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் சுவரில் படம் காட்ட வைத்திருந்தார்களே, தையல் மிஷின் அளவில்... அதுதான். எங்களிடம் மூன்று இருக்கின்றன. ஓடுவது ஒன்று.

கலாவதி என்னோடு காலையில் நடக்க வருபவள். இங்கே விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் யூனிட் நடத்துகிறாள் — பீங்கான் பொம்மை, ஜாடி, விளக்கு. போன மாதம் அவளுடைய பெரியப்பா மகள் வீடு மாறும்போது ஒரு பழைய பெட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். வெளிநாட்டில் கேமரா வாங்கி, போன இடமெல்லாம் படம் எடுத்திருக்கிறார். பெட்டிக்குள் இரண்டு குட்டி பிலிம் சுருள்கள். ஒரு டப்பாவின் மேல் 'கப்பல்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் 'ஊர்'. கூடவே, கைக்கு அடங்காத கனத்தில், இரண்டு முனையிலும் கண்ணாடி பதித்த ஒரு குழல். அது எதற்கு என்று தெரியாததால் கலா அதை ஆபீஸ் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டாள்.

'ஊர்' என்றால் கருவேப்பிலங்குறிச்சி. கலா பிறந்த ஊர். அவளுக்கு ஒன்றரை வயதில் அம்மா இறந்துவிட்டார். கல்யாண போட்டோ ஒன்று இருந்ததாம். வீட்டுக்குள் வெள்ளம் வந்த வருஷம் அதுவும் போய்விட்டது. ஐம்பதைத் தாண்டியும் பெற்ற தாயின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அதுல எங்கம்மா இருந்தாலும் இருக்கலாம்க்கா" என்று சுருளைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இவர் பிலிமை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "ரொம்பக் காஞ்சு போயிருக்குது கலா. ஓடும்போது அறுந்தாலும் அறுந்துடும். எங்கியாச்சும் சிக்கி நின்னா பல்பு சூட்டுல பொசுங்கிடும். சென்னைக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாமே?"

"கூரியர்ல தொலைஞ்சு போச்சுன்னா யாரைக் கேக்கறது? நீங்களே போடுங்கண்ணே."

போட்டார். சுவரில் ஒரு வாசல் தெரிந்தது. ஒரு சைக்கிள். பச்சைச் சேலையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடி, பிறகு விலக்கினாள். அடுத்து ஒரு மாடு. அவ்வளவுதான் படம்.

அந்த வீட்டில் அப்போது வேறு கைக்குழந்தை கிடையாதாம். அந்தக் குழந்தைதான் கலா. ஆகவே அந்தப் பெண்தான் அம்மா. ஆனால் அம்மா ஒல்லியோ ஒல்லி. முருங்கைக்காய் மாதிரி உடம்பு, வெள்ளரிக்காய் மாதிரி முகம்.

கலா குள்ளம். நல்ல உருண்டை முகம். அவளுடைய அப்பா வீட்டில் எல்லாரும் நெட்டையாய், ஒல்லியாய் இருப்பார்கள். நீ யாரைக் கொண்டு வந்து பொறந்தியோ என்று கேலி கேட்டே வளர்ந்தவள். அம்மாவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று மனசுக்குள் வைத்திருந்தாள் போல.

"எங்கிட்ட அவங்க ஒண்ணுமே இல்லியேக்கா" என்றாள். காபி போடப் போனேன். வேண்டாம் என்றாள். "போயிட்டு வரேன்."

சாயங்காலம் முழுக்க எனக்கு எதுவோ உறுத்தியது. தோசை ஊற்றும்போதுதான் பிடிபட்டது. "ஏங்க, அந்த சைக்கிள் சக்கரம் ஏன் முட்டை மாதிரி இருந்துச்சு?"

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். கையைக் கழுவினார். கலாவுக்கு போன் போட்டு, மேஜை மேல் இருக்கும் கண்ணாடிக் குழலை எடுத்துவரச் சொன்னார். அவள் வந்ததும் அதைக் கண்ணில் வைத்து, திருப்பித் திருப்பி என்னைப் பார்த்தார். "இப்ப நீ ரெண்டு மடங்கு அகலமாத் தெரியிற" என்றார். வேறு சமயமாக இருந்திருந்தால் கதையே வேறு. அன்றைக்கு மூன்று பேருக்கும் சந்தோஷம்.

தியேட்டரில் அகலத் திரைப் படம் பார்த்திருப்பீர்கள். எடுக்கும்போது ஒரு லென்ஸ் அகலமான காட்சியை நெருக்கிச் சின்ன பிலிமுக்குள் அடக்கிவிடும். காட்டும்போது அதற்கென்றே உள்ள லென்ஸ் அதைப் பழையபடி அகட்டிவிடும். கலாவின் பெரியப்பா, வீட்டுப் படத்தையே அப்படி எடுத்திருக்கிறார். ஆசைக்கு அளவேது?

லென்ஸ் கிடைத்துவிட்டது. மாட்டுவது எப்படி? நம்ம புரொஜெக்டருக்கு அதற்கான ஸ்டாண்டு கிடையாது. புரொஜெக்டர் லென்ஸுக்கு நேர் முன்னால், ஒட்டினாற்போல, அதே உயரத்தில் இது ஆடாமல் நிற்க வேண்டும். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்தோம். மெஷின் அதிர்ந்து லென்ஸ் உருண்டது. நல்லவேளை, விழுந்தது சோபாவில். ஹார்டுவேர் கடையில் பி.வி.சி. பைப் வாங்கிச் செருகினோம். லூஸ்.

"பொம்மைக்கு அச்சு எடுப்பமே, அது மாதிரி எடுத்துப் பாப்பமாண்ணே?" என்றாள் கலா.

லென்ஸை பாலிதீனில் சுற்றி, அட்டைப் பெட்டியில் நிறுத்தி, சுற்றிலும் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினாள். இறுகியதும் லென்ஸ் அதற்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கையால் திருப்பினால் திரும்பியது. ஆனால் உயரம் கணக்குத் தப்பிப்போய்ப் பாதிப் படம் இருட்டு. இவர் பிளைவுட்டை அறுத்து அறுத்து அடியில் கொடுத்தார். ஹால் முழுக்க வெள்ளைத் தூள். பெருக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

சோதனைக்கெல்லாம் 'கப்பல்' சுருள்தான். 'ஊர்' சுருளைத் தொடுவதில்லை என்று முடிவு. கப்பலில் ஒரு மிதவை வளையம் தொங்கியது. முதலில் லென்ஸைக் குறுக்கே திருப்பிவிட்டோம் போல — வளையம் ஊசியாய் நீண்டது, மாலுமிகள் பனைமரம் ஆனார்கள். கொஞ்சம் திருப்பினார். எல்லாரும் காற்றில் சாய்ந்த மாதிரி நின்றார்கள். இன்னும் கொஞ்சம். வளையம் வட்டமானது. கப்பல் ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நீண்டது. காலண்டரைக் கழற்றினேன், கடிகாரத்தையும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். போட்டோவில் ஒல்லியாகத் தெரிய ஊரே பில்டர் தேடிக்கொண்டிருக்கிறது. ஒருவரைக் குண்டாகக் காட்டுவதற்காக ஒரு வாரம் மெனக்கெட்டது நாங்களாகத்தான் இருப்போம்.

ஞாயிறு மத்தியானம் 'ஊர்' சுருளை மாட்டினார். ஒரு கை சுவிட்சிலேயே இருந்தது. நான் செல்போனைச் சுவரை நோக்கிப் பிடித்துக்கொண்டேன். கலா நாற்காலியில் உட்காரவில்லை.

"கலா, அறுந்துச்சுன்னா..."

"பரவால்லண்ணே. போடுங்க."

வாசல் வந்தது, இப்போது பக்கத்து வீட்டுச் சுவரும் தெரிந்தது. சைக்கிள் வந்தது, வட்டச் சக்கரங்களோடு. பிலிம் கடகடவென்று ஒரு முறை துள்ளி, பிறகு சீராக ஓடியது. பச்சைச் சேலை வந்தது.

குள்ளமாக ஒரு பெண். பூசினாற்போல உடம்பு. முந்தானையை விலக்கியதும் உருண்டையாக ஒரு முகம். கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சிரித்தாள். சிரித்ததும் கண்கள் இரண்டும் கன்னத்துக்குள் காணாமல் போயின.

நான் கலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்கள் இல்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

"எங்கம்மா குண்டுக்கா" என்றாள். ஏதோ பட்டம் வாங்கிய செய்தி சொல்வதுபோல.

படத்தில் அம்மா குழந்தையின் கன்னத்தைத் தன் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அடுத்து மாடு வந்தது. அங்கே பிலிம் படக்கென்று அறுந்தது. இவர் சுவிட்சை அணைத்துவிட்டு, தப்புச் செய்தவர் போலத் திரும்பினார்.

"ஒட்டிடலாம் கலா... கொஞ்சம்தான் போயிருக்குது..."

"மாடுதானண்ணே. மாடு நம்ம ஊர்ல நெறைய இருக்குது."

ஜமக்காளங்களை இழுத்தோம். வெளிச்சம் வந்தது. அன்றைக்குக் கலா காபி வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நான் செல்போனில் எடுத்ததில் இருந்து அம்மாவின் முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் டிபியாக வைத்திருக்கிறாள். நேற்று நடக்கும்போது காட்டினாள். அப்பா வீட்டுச் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள் — 'கலா, உன் சின்ன வயசு போட்டோ எங்க கெடைச்சுது?'

அவள் இன்னும் ஒருவருக்கும் பதில் போடவில்லை. அந்தக் கேள்வியைத் தினமும் எடுத்துப் படித்துக்கொள்கிறாளாம்.