நாற்பத்து மூன்று பாட்டுகளுக்கு நஷ்டஈடு

பதிவுத் தபாலில் வந்த அந்த நோட்டீஸை முதலில் நான் நம்பவில்லை. பென்ஷன்காரர்களைக் குறிவைத்து எத்தனையோ மோசடி நடக்கிற காலம். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கங்களை எண்ணினேன். ஏழு. கையெழுத்து ஆறில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். என்னிடம் இருந்த பழைய கேசட்டுகளிலிருந்து கும்மிப் பாட்டுகளையும் சாமி பாட்டுகளையும் கணினியில் ஏற்றி, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருந்தேன். காசு வாங்கவில்லை. உரிமை தங்களுடையது என்றது ஒரு கம்பெனி. நாற்பது பாட்டு, பாட்டுக்கு ஒரு லட்சம். குடியிருக்கும் வீட்டை விற்றாலும் நாற்பது லட்சம் தேறாது.

எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்று வாராவாரம் நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். ஒன்றை இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இன்னொன்றை மூன்றே பேர். அதில் ஒருவன் நான், சோதித்துப் பார்க்க. இரண்டுக்கும் ஒரே லட்சமா? திராட்சை வியாபாரிகூட அழுகிய கொத்தைத் தனியாக ஒதுக்கித்தான் விலை பேசுவான். அந்த ஆத்திரத்தில், வக்கீலைப் பார்க்கும் முன்பே நோட்டின் நகலை இணைத்துப் பதில் அனுப்பிவிட்டேன். உங்கள் எண்ணிக்கை தப்பு, மொத்தம் நாற்பத்து மூன்று என்றும் திருத்தியிருந்தேன்.

உத்தமபாளையத்து வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், அவுக நாப்பதுக்குத்தான கேட்டாக? மிச்சம் மூணை நீங்களே தூக்கிக் கொடுத்திருக்கீகளே!”

“தப்பா எண்ணினா திருத்த வேண்டாமா?”

“இதென்ன பரீட்சைப் பேப்பரா சார்?”

அவர் சிரித்த சிரிப்பில், எந்தப் பக்கத்து வக்கீல் என்றே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு மாதம் கழித்துச் சமாதானக் கடிதம் வந்தது. பாட்டுகளை நீக்கிவிட்டு நாற்பத்து மூவாயிரம் கட்டினால் போதுமாம். வக்கீல் உடனே கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் உறுத்தியது. விற்பனைக்கு இருந்ததை நான் இனாமாகக் கொடுத்தது தப்புதான். ஆனால் லட்சம் ஒரு மாதத்தில் ஆயிரமாகும் என்றால், அவர்களுக்கு நிஜமாக நஷ்டமானது எவ்வளவு?

வீட்டில், அந்தக் கடிதத்தோடு கம்பெனி அனுப்பிய பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு உரக்க வாசித்தேன். கடைசி மூன்றைக் கேட்டதும் மனைவி மொச்சை உரிப்பதை நிறுத்தினாள்.

“இது சுருளிப்பட்டிப் பொங்கல்ல நாங்க கும்மியடிச்சதுல்ல? நீங்கதான டேப்பைத் தூக்கிக்கிட்டுக் குறுக்க குறுக்க வந்தீக.”

உண்மைதான். அந்த மூன்றும் எந்தக் கம்பெனிக் கேசட்டிலும் வந்தவை அல்ல. நான் பதிவு செய்தவை. என் கடிதத்தைப் பார்த்து, தங்களுடையதா என்றுகூடப் பாராமல் சேர்த்திருக்கிறார்கள்.

“அப்ப அவுகல்ல எனக்கு லட்சம் தரணும்? பதினோரு பேரு பாடுனோம்.”

“பதிமூணு,” என்றேன்.

இதை வக்கீல் கடிதமாக எழுதிப் போட்டார். நாற்பதாயிரம் போதும் என்று பதில் வந்தது. மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடு தப்பியதே என்று கட்டிவிட்டேன்.

நாற்பது பாட்டுகளையும் நீக்கியாயிற்று. மூன்று மட்டும் இணையத்தில் இருக்கின்றன. அந்த மூன்றைப் பாராமல் சேர்த்தவர்கள் மற்ற நாற்பதை மட்டும் பார்த்தா சேர்த்திருப்பார்கள்? வக்கீலுக்குப் போன் செய்து கேட்டேன்.

“போனை வச்சிருங்க சார்,” என்று அவரே வைத்துவிட்டார்.