பள்ளத்தை நிரப்பியது யார்?

கம்பளை பஜாரில் மூன்று மாடிக் கடைத்தொகுதி... நான் கட்டியது. கடுகண்ணாவைச் சரிவில், படித்த இன்ஜினியர்மார் இரண்டு பேர் 'இங்கே சுவர் நிற்காது' என்று திரும்பிப்போன இடத்தில் இருபது அடி கல்மதில்... நான் கட்டியது. நிற்கிறது. போய்ப் பார்க்கலாம். நாவலப்பிட்டியில் ஒரு கல்யாண மண்டபம். பேராதனைப் பக்கம் எத்தனை வீடுகள் என்று எனக்கே ஞாபகமில்லை. அஞ்சாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன், தலையில் சாந்துச் சட்டி சுமந்து தொடங்கியவன், கட்டட வேலை எடுத்துச் செய்கிற பாஸாகி இத்தனையும் கட்டினேன்.

'மாணிக்கம் பாஸ் மறுபடியும் தொடங்கிவிட்டார்' என்று சிரிப்பீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியைப் படித்துச் சிரிக்கிறவர்கள்தானே, சிரியுங்கள். ஆனால் இந்த வாரம் பெருமைக்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

போன ஞாயிறு என் மகள் சாந்தி ஒரு தாளோடு வந்தாள். கம்பளைக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு பாடசாலையில் அவள் இங்கிலீஷ் டீச்சர். அங்கே மைதான வாசலில் ஒரு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். மைதானம் வந்த கதையை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற பொறுப்பு அவளுக்கு. எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னாள்.

"பாடசாலையின் பின்புறம் இருந்த பள்ளம், ஆண்டுகள் செல்லச் செல்ல, படிப்படியாக ஒரு மைதானமாக உருவெடுத்தது."

அந்தப் 'படிப்படியாக'வுக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டேன். 'கிராஜுவலி' என்றாள்.

"யாரும்மா அந்த கிராஜுவலி? எந்த லொறியில வந்தாரு?"

"அப்பா, ஆரம்பிக்காதீங்க."

ஆரம்பிக்காமல் எப்படி இருப்பது? அந்தப் பள்ளத்தை நிரப்பியவன் நான்.

நம்ம பக்கத்தில் மலையை வெட்டாமல் ஒரு வீடு கட்ட முடியுமா? வெட்டின மண்ணை எங்கே போடுவது என்பதுதான் எந்த பாஸுக்கும் தலையிடி. ஆள் பார்க்காத நேரம் பார்த்து ஆற்றோரம் கொட்டிவிட்டுப் போகிறவர்களே அதிகம். நான் என் வேலைத்தளத்து மண்ணையெல்லாம் அந்தப் பாடசாலைப் பள்ளத்துக்கு அனுப்பினேன். ஓரிரு மாதமல்ல, பதினொரு வருஷம். லொறி ஓட்டியவன் செல்லையா.

அதில் ஒரு பிழையும் விட்டேன். மறைக்க மாட்டேன். முதல் மூன்று வருஷம் மண்ணைக் கொட்டினேனே தவிர, கீழே மதில் கட்டவில்லை. கிடந்து கிடந்து தானாக இறுகிவிடும் என்று நினைத்தேன். மதில் கட்டியே பேர் வாங்கியவன் செய்கிற காரியமா அது? ஒரு மழைக்காலத்தில் மொத்தமும் இறங்கிவிட்டது. கீழே தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் முழங்கால் அளவு சேறு. நல்ல காலம், ஆளுக்குச் சேதமில்லை. நானும் செல்லையாவும் இரண்டு கிழமை, பதினாலு நாளும் மண்வெட்டியோடு நின்றோம். திட்டாத வீடு இல்லை. கிராம சேவகர் வரை முறைப்பாடு போனது.

"மாணிக்கம் பாஸ் கொட்டுன மண்ணு" — அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். யாராவது 'மண் படிப்படியாகக் கீழே உருவெடுத்தது' என்று சொன்னார்களா? சேறு வந்தபோது அதற்கு என் பெயர் இருந்தது. மைதானம் வந்தபோது காலம் வந்து பெயரை எடுத்துக்கொண்டது.

பிறகு கருங்கல்லில் மதில் எழுப்பி, தண்ணீர் வடியக் குழாய் வைத்து, திரும்பவும் முதலிலிருந்து நிரப்பினேன். இன்றைக்கு அங்கே பிள்ளைகள் ஓட்டப்போட்டி ஓடுகிறார்கள்.

இதையெல்லாம் சொன்னேன். சாந்தி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள் பாருங்கள்...

"அந்த மண்ண நீங்க எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்?"

"ஆகணும். ஆத்துல கொட்டியிருந்தா அஞ்சு நிமிஷம். ஒங்க ஸ்கூல் ஏத்தத்துல முக்கா மணித்தியாலம்."

"இங்கிலீஷ்ல மெதுவா நடக்கிற விஷயத்த இப்படித்தான்பா எழுதுவாங்க. நாகரிகமா இருக்கும்."

சரி, அந்த நாகரிகத்தைப் பார்ப்போமே என்று வேறு என்னென்ன சொல்வார்கள் எனக் கேட்டேன். 'ரோம் நகரம் ஒரே நாளில் கட்டப்படவில்லை' என்பார்களாம். நல்ல பேச்சுதான். கட்டின பாஸ் யார் என்று அதில் இருக்கிறதா? இல்லை. ஒரு வேலை சலிப்பாக இழுத்தால், 'பெயின்ட் காய்வதைப் பார்ப்பது போல' என்பார்களாம். இதைச் சொன்னவன் ஒருநாளும் பெயின்ட் அடித்திருக்க மாட்டான். வானம் கறுத்து வரும்போது, வெளிச்சுவர் காயுமா காயாதா என்று கண்டியில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும், அது சலிப்பா பதைப்பா என்று. அப்புறம் 'இன் டியூ கோர்ஸ்', அதாவது உரிய காலத்தில். அது எனக்கே தெரியும். அரசாங்கக் கந்தோர்களிலிருந்து அந்த வார்த்தையோடு வந்த கடிதங்கள் என் அலுமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. மேசையில் கடதாசியை வைத்துக்கொண்டு ஓர் ஆள் தேநீர் குடிக்கிறான் என்று அர்த்தம்.

நம்ம மலையைப் பற்றிய புத்தகங்களிலும் 'காடு படிப்படியாகத் தேயிலைத் தோட்டமானது' என்றுதான் இங்கிலீஷில் இருக்குமாம். சாந்தியே சொன்னாள். காடு தானாகவே கத்தி எடுத்துத் தன்னை வெட்டிக்கொண்டதாக்கும்.

நம்ம ஆட்களைப் பாருங்கள். 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்.' எத்தனை காலம் பிடித்திருக்கும்? ஆனாலும் எறும்பை விட்டுவிடவில்லை. முதல் வார்த்தையே எறும்புதான்.

கடைசியில் உண்மை வெளியே வந்தது.

"நானே எழுதி, எங்கப்பா பேரப் போட்டா ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்க? மாணிக்கம் பாஸ் மக அப்பனுக்குச் சிலை வச்சிட்டாம்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கும்பா."

இவள் கண்டியில் இங்கிலீஷ் படித்த காலத்தில், அந்த மண் லொறியில்தான் காலையில் கம்பளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். வெள்ளைச் சப்பாத்தில் மண் ஒட்டாமல் இருக்க, இரண்டு காலையும் சீட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வாள். இன்றைக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறாள் போல.

செல்லையாவுக்கு போன் போட்டேன். முழங்கால் வலியோடு இப்போது நாவலப்பிட்டியில் மகன் வீட்டில் இருக்கிறான்.

"விடுங்க மொதலாளி. புள்ளைங்க வெளையாடுதுங்கல்ல, அது போதும்."

"ஒனக்குப் பேரு வேணாமாடா?"

"...போடுறதா இருந்தா எங்கப்பா பேரையும் சேத்துப் போடச் சொல்லுங்க. அந்தப் பக்கத்துல மூணு செல்லையா இருக்கானுங்க."

வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தாள் கல் வெட்டுகிறவரிடம் போகிறதாம். ஆகவே பாடசாலை அதிபருக்கும் மைதானக் கமிட்டிக்கும் பகிரங்கமாகச் சொல்கிறேன். உங்கள் 'கிராஜுவலி' அப்படியே இருக்கட்டும், நான் அழிக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே இரண்டு வரி வெட்டுங்கள்: 'மண் நிரப்பி மதில் கட்டியவர் மாணிக்கம் பாஸ். லொறி ஓட்டியவர் கறுப்பையா மகன் செல்லையா.' மகளுக்கு வெட்கமாக இருந்தால் அவள் எழுத வேண்டாம். நானே இங்கே எழுதிவிட்டேன், பார்த்து வெட்டினால் போதும்.

எறும்புக்குக் கொடுத்ததைத்தான் கேட்கிறேன்.