அக்கா கேட்ட ஜெபம்

பல்பின் சூட்டில் காகிதம் வாடும் வாசனை. டிசம்பரில் அம்பத்தூர்த் தெருக்களில் நடக்கும்போது எந்த மாடியிலிருந்தாவது அது இறங்கி வந்தால் போதும், நான் நின்றுவிடுகிறேன். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் நட்சத்திரம், சூடேறாத விளக்கு. ஆனாலும் யாரோ ஒருவர் இன்னும் காகித நட்சத்திரத்துக்குள் மஞ்சள் பல்பைத் தொங்கவிடுகிறார். அந்த வாசனை என்னை விடுவதாயில்லை.

அக்காவின் கடைசி டிசம்பரில் நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை. புற்று ஈரல்வரை போயிருந்தது. நட்சத்திரம் இல்லாத கிறிஸ்தவ வீட்டின் முன்னால், வீடுவீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு நடந்துபோவார்கள். உள்ளே துக்கமோ நோயோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த நிசப்தம் எனக்கு வேண்டியிருந்தது. கீழ்வீட்டு ஓனருக்கு இது எப்படித் தெரியும்? ஒருகாலத்தில் இங்கே நெல் விளைத்த குடும்பம். மாங்காட்டு அம்மனைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்கமாட்டார். நான் மருந்துக்கடையிலிருந்து திரும்பும்போது, எங்கள் வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டு ஏணிமேல் நின்றிருந்தார்.

"இன்னா சார், வருசா வருசம் கட்டுவ, இந்த வாட்டி மறந்துட்டியா? அதான் நானே வாங்கியாந்துட்டேன். அக்கா ஜன்னலாண்ட படுத்துகினு கீது. பாத்தா சந்தோசப்படும்ல?"

அவிழ்த்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழு மணிக்கு மேளம் படியேறியது. பதினைந்து பேர். சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டே உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்ததும் தூக்கிய காலை இறக்க மறந்து நின்றார். மேளம் தனியாக இரண்டு அடி அடித்து ஓய்ந்தது.

"நட்சத்திரம் இருந்துச்சேண்ணே..." முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அக்கா சிரித்தாள். "தாத்தா, மொதல்ல அந்த முகமூடியக் கழட்டுப்பா. மூச்சு வாங்குறது என் வேலை. நீ ஏன் வாங்குற?"

கழற்றினார். பக்கத்து ஊரான பாடியில் லேத் மெஷின் ஓட்டுபவர், எங்கள் சபைக்காரர்தான். மேளமில்லாமல் பாடினார்கள், தூங்கும் வீட்டில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுபோல. பிறகு கூட வந்திருந்த போதகர் கட்டிலருகே முழங்காலிட்டு, வழக்கம்போல் அக்காவுக்குச் சுகம் தரும்படி ஜெபிக்க ஆரம்பித்தார். அக்கா அவர் கையைத் தட்டினாள்.

"ஐயா, அது போதும். ரெண்டு வருசமா கேட்டாச்சு. இனிமே ஆஸ்பத்திரி வேணாம்னு நானும் ஆண்டவரும் பேசி முடிச்சிட்டோம். எனக்குச் சமாதானம் வந்துடுச்சு. இவனுக்குத்தான் இல்ல. ராவெல்லாம் நடக்குறான், தரை தேயுது. இவனுக்காக ஜெபிங்க. என்னைப் போகவிடணும், அவ்வளவுதான்."

பதினைந்து பேர் கண்மூடி எனக்காக ஜெபித்தார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துவைத்திருந்தேன். அவளுடைய மணிக்கட்டில் ஊசி குத்திக் குத்திக் கறுத்த தடங்களைப் பார்த்தபடி. எந்தச் சொல்லையும் பத்து முறை புரட்டிப் பார்த்து வைக்கிறவன் நான். அன்று சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு 'ஆமென்'. எல்லோரும் காத்திருந்தார்கள். சொன்னேன்.

"இனிமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகமாட்டியே?" என்றாள், அவர்கள் போனபிறகு.

"மாட்டேங்கா."

மூன்றாம் நாள் காலை, குளிக்கவைத்த சற்று நேரத்தில், அவளுக்கு மூச்சு இழுத்தது. மார்புக்கூடு ஏறி ஏறி இறங்கியது. என் கை போனைத் தேடுவதைக் கண்டாள். வேண்டாம் என்று விரலை அசைத்தாள். நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் ஒரு மனிதனால், கூடப்பிறந்தவள் கண்முன்னால் காற்றுக்குத் தவிக்கும்போது? முடியும் என்றுதான் ஜெபித்தார்கள். என்னால் முடியவில்லை.

பாடி மேம்பாலத்தில் லாரிகள் வழிவிடவில்லை. ஆக்சிஜன் மாஸ்குக்கு மேலாக அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், "கூட வந்தவங்க இங்கேயே நில்லுங்க" என்றாள் நர்ஸ். கதவு திறந்துகிடந்த அந்த அரை நிமிடம்தான் எங்களுக்கு மிச்சம். ஸ்ட்ரெச்சர் கம்பியை விடாமல், "வாக்கு குடுத்துட்டு கூட்டிட்டு வந்துட்டேன்கா" என்றேன்.

மாஸ்கை ஒரு விரலால் விலக்கினாள்.

"கோவம் இல்லடா. பயந்துட்ட, அவ்ளோதான்."