புகைப்படத்தில் இருக்கும் சாலை

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்யும் ஒப்பந்த ஊழியை. பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனால் பொறுமையாக உட்கார்ந்து நிரப்ப வேண்டிய படிவங்களாகப் பார்த்து என் தலையில்தான் விழும். அப்படி விழுந்ததில் பெரியது, எங்கள் நகரத்துக்கு உலகப் பட்டம் கேட்டு எழுதிய விண்ணப்பம்.

உலக அமைப்பு ஒன்று நகரங்களுக்குப் பண்பாட்டுப் பட்டம் கொடுக்கிறது. இசைக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று. நகரங்கள் தாங்களாகவே கேட்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து ஒன்றிரண்டு பெயர்கள்தான் மேலே போகும், அதையும் டில்லிதான் பொறுக்கும் என்பதால் உள்நாட்டுக்குள்ளேயே அடிதடி. எங்கள் ஆணையருக்கு உணவுப் பட்டத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. “நம்மகிட்ட என்னய்யா இருக்கு?” என்று அவர் கேட்டபோது அலுவலகமே திருதிருவென்று விழித்தது. பிரியாணியைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். கடைசியில் மலைமேல் விளையும் சாமையைப் பிடித்தார்கள். மலைக்காரிக்குத்தான் சாமையைப் பற்றித் தெரியும் என்று படிவத்தை என்னிடம் தள்ளினார்கள்.

என் ஊர், புதூர்நாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் வரும் சின்னக் கிராமம். நடந்தால்தான் வரும். பாறையும் இரண்டு ஓடைகளுமாக ஒற்றையடித் தடம், அவ்வளவுதான்.

படிவத்தை நான் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டேன். காரணம் என் அண்ணன். புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. வாரம் இரண்டு முறை கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பயிற்சி கொடுத்தால் ஒரு வருடத்தில் கோல் ஊன்றி நடப்பார், விட்டுவிட்டால் கால் சூம்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். போர்வையை மூங்கிலில் டோலியாகக் கட்டி, நான்கு பேர் தூக்க வேண்டும். முதல் மாதம் தூக்கினார்கள். பிறகு விதைப்பு வந்தது. யாரைக் குறை சொல்வது? நான் கீழே மூன்று பெண்களோடு ஒரே அறையில் குடியிருக்கிறேன், அங்கே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. அண்ணனே ஒருநாள், “வேணாம், வுட்ருங்க” என்றுவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பட்டம் கிடைத்தால் அடுத்த நான்கு ஆண்டுகளில் நகரம் என்னென்ன செய்யும்? யாரையும் கேட்காமல் முதல் வரியாக நான் அடித்தேன்: சாமை விளையும் மலைக் கிராமத்துக்குச் சாலை அமைக்கப்படும். ஆணையர் படித்துவிட்டுத் தலையாட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே ஊருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “சாமச் சோத்துக்குப் பட்டமா? தின்னுனு கீற நமக்கே ருசி தெரியல, டில்லிக்காரனுக்கு இன்னா தெரியும்?”

“பட்டம் வந்தா ரோடு வரும்ணா.”

“வரட்டும். மொத ஜீப்புல நான்தான். சொல்ட்டேன்.”

விண்ணப்பத்தைச் செப்பனிட சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். இதுபோல் வேறு நகரங்களுக்கும் எழுதிக் கொடுத்தவராம். எங்களோடு மோதும் நகரத்தில் கடலும் அரண்மனையும் விமான நிலையமும் இருப்பதாக அவர் சொன்னபோதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். டில்லியிலிருந்து தேர்வுக் குழு நேரில் பார்க்க வருகிறது என்று தகவல் வந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. மூன்று கிலோமீட்டர் அவர்களை எப்படி நடக்க வைப்பது?

அதற்கு எங்கள் ஊர்தான் வழி செய்தது. கோயில் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தடத்தைச் செதுக்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். வராத வீட்டுக்குப் பந்தியில் இலை விழாது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அதையே விருந்தாளிகளுக்காகச் செய்யச் சொன்னார். “நம்ம வூட்டுக்கு வர்றவங்க கால்ல கல்லு குத்தக் கூடாதுங்க,” என்றார் ஆலோசகரிடம். ஒன்பது நாள் வேலை நடந்தது. பாறையை உடைத்தார்கள். ஓடைகளில் கல்லும் முள்ளும் போட்டு மேலே செம்மண்ணைக் கொட்டினார்கள். கைப்பிள்ளைக்காரிகள்கூடக் கூடை தூக்கினார்கள். டோலி தூக்க ஆள் கிடைக்காத ஊரில், டில்லிக்காரர்களுக்கு ஜீப் போகும் தடம் போட எண்பது பேர் நின்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நானும் ஒரு நாள் விடுப்பு எடுத்து மண் சுமந்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் ஆலோசகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க அண்ணன் வெளியில இருக்க வேண்டாம்மா. சாமை சாப்பிட்டா ஆரோக்கியம்னு பத்து பக்கம் எழுதியிருக்கோம். தப்பா நினைக்காதீங்க.”

தப்பாக நினைக்கத்தான் செய்தேன். ஆனால் அண்ணனிடம் போய் அதையே சொன்னேன். “நான் படுத்துனு கீறது சாமைக்கு அவமானமா?” என்று சிரித்துவிட்டு, “சரி, சாத்திக்கோ” என்றார். ஜீப் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தி வெளியே தாழ் போட்டேன்.

எங்கள் ஊருக்கு வந்த முதல் ஜீப் அது. மூன்று பேர் இறங்கினார்கள். சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டார்கள். குழுவில் இருந்த அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். ஊரே பூரித்துப்போனது. ஜீப் திரும்பும்போது ஆலோசகர் பின்னால் நின்று படம் எடுத்தார்.

மறுநாள் அந்தப் படத்துக்குக் கீழே அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன்: கிராமத்துக்குச் செல்லும் சாலை. விரல் ஒரு கணம் நின்றது. ஜீப் வந்ததே, பிறகென்ன என்று அடித்துவிட்டேன். அடுத்த பக்கத்துக்குப் போனவர் என் முதல் வரியில் நின்றார். “ரோடுதான் இருக்கே, அப்புறம் ரோடு போடுவோம்னு எதுக்கு? முன்னுக்குப் பின் முரணா இருக்கு. எடுத்துடுங்க.”

வாயைத் திறந்திருக்கலாம். ஆணையரிடம் போயிருக்கலாம். முதலில் பட்டம் வரட்டும், பட்டம் வந்தால் எல்லாம் தானாக வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரியை அழித்ததும் என் கைதான்.

கடலும் அரண்மனையும் இருந்த நகரத்தின் பெயர்தான் மேலே போனது. அதற்கும் பட்டம் கிடைத்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. ஆணையர் மாற்றலாகிப் போனார். ஐப்பசி மழையில் முதல் ஓடையும் அடுத்த வாரமே இரண்டாவது ஓடையும் செம்மண்ணை அடித்துக்கொண்டு போயின. திரும்பவும் பாறையும் ஒற்றையடித் தடமுமானது.

நான் விடவில்லை. கலெக்டர் அலுவலக மனுநாளில் ஊரார் கையெழுத்தோடு சாலை கேட்டு மனு கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி கிராமத்துக்கு வாகனம் செல்லத்தக்க சாலை ஏற்கெனவே உள்ளது, ஆதாரம் இணைப்பு. எங்கள் விண்ணப்பத்தின் நகல் அங்கேயும் போயிருக்கிறது, இணைப்பில் இருந்தது அதே படம். கீழே நான் அடித்த அதே வரி. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நாங்கள் சொந்த மண்வெட்டியால் வைத்துக்கொண்டோம். நேரில் போய்க் கேட்டேன். “படம் பொய்யாம்மா?” என்றார் அங்கிருந்தவர். பொய் என்றால் விண்ணப்பமே பொய். அதை அடித்தவளின் வேலை போகும். தடம் வெட்டிய எண்பது பேரும் அங்கே வந்து நின்று சொன்னாலும் அவர்கள் நம்பப்போவது காகிதத்தைத்தான். கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்ட எனக்கு மனமில்லை. அவரே கேட்டார். போர்வைக்குள் அவர் கால்கள் என் கை கனம்கூட இல்லை. இதற்குள் டாக்டரும் கைவிரித்துவிட்டிருந்தார். அண்ணன் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம வூடு வந்து கீது பாரு.”

பார்த்தேன். வளைவில் எங்கள் வீடு, தாழ் போட்ட கதவு. அதைத் தாண்டிப் போகும் ஜீப்பின் பின்பக்கம் திறந்திருந்தது.

“பின்னாடி சீட்டு காலிதான் போல,” என்றார்.

“ஆமாண்ணா.”

“மொத ஜீப்பு எனக்குன்னு சொல்லியிருந்தேனேம்மா.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திட்டு வாங்கிக்கொண்டாவது போயிருப்பேன். கடிதத்தை மடித்து அவர் தலையணைக்கு அடியில் வைத்தார். விடிந்ததும் நான் வேலைக்கு இறங்கினேன், மூன்று கிலோமீட்டரும் நடந்துதான்.