வெர்லின் காத்த உச்சவரம்பு

கடையில் உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் வெர்லின் ஹோக்லண்டின் தள்ளுவண்டி ஒரு பெரியவரின் கணுக்காலில் இடித்தது. பெரியவர் முகம் சுளித்தார். வெர்லின் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஓ, நீங்க அங்கதான் நின்னீங்களா" என்றார். கடைசியில் இடிபட்டவர்தான் "சாரி" சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மார்ட்டென் லேக் ஊருக்கு இது பழகிப்போயிற்று. வெர்லின் வாயிலிருந்து சாரி வராது. சொன்னால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும்; பிறகு வழக்கில் நிற்க முடியாது. மாமியார் இறந்த அன்று மனைவியின் தோளைத் தட்டி, "இப்படி நடந்ததாத் தெரியுது" என்றாராம். மனைவியே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

நகராட்சியின் நிர்வாக அதிகாரி அவர். மேயர்கள் வருவார்கள், போவார்கள். வெர்லின் அப்படியே இருப்பார். ஊரார் மரத்தைப் பார்த்தால் அவர் முறியப்போகும் கிளையைப் பார்ப்பார். பூங்காவிலிருந்து சீசாவைப் பிடுங்கினார், பிறகு ஊஞ்சலையும். பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் மேட்டைச் சுற்றி வேலி போட்டார். இப்போது அங்கே மிச்சமிருப்பது ஒரு பெஞ்சுதான். "அந்த பெஞ்சும் எனக்கு அவ்வளவு திருப்தியா இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யாருக்காவது அடிபடுமே என்ற கவலை அல்ல இது. அடிபட்டவர் நகராட்சி மேல் வழக்குப் போடுவாரே என்ற கவலை.

இத்தனைக்கும் சட்டம் அவர் பக்கம். மினசோட்டா மாநிலத்தில் நகராட்சியின் தவறால் ஒருவருக்கு என்ன ஆனாலும், இழப்பீடு ஓர் உச்சவரம்பைத் தாண்டாது. மனமிருந்தால், காப்பீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி அந்த வரம்பை நகராட்சியே விட்டுக்கொடுக்கலாம். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வரம்பு இருக்கட்டுமா, விட்டுவிடலாமா என்று நகர மன்றம் முடிவு சொல்லியாக வேண்டும். வெர்லின் இதை நூலகக் கம்பளத்துக்கும் நாய் உரிமக் கட்டணத்துக்கும் நடுவில், எல்லோருக்கும் கண் சொருகும் நேரமாகப் பார்த்துச் செருகிவைப்பார். "போன வருஷம் மாதிரியேதானே?" என்பார். கைகள் உயரும். வேலை முடிந்துவிடும்.

இந்த ஜனவரியில் அப்படி முடியவில்லை.

ஆர்லிஸ் மோன்சன் அழகு நிலையம் வைத்திருந்தவள். வெர்லினின் மனைவி உட்பட ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு முடி வெட்டியவள். முந்தைய பனிக்காலத்தில் தபால் நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்தபோது, பனி அள்ளும் நகராட்சி லாரி பின்னால் பார்க்காமல் பின்னோக்கி வந்து அவள் மேல் ஏறியது. ஒரு கால் தொடையோடு போயிற்று. ஓட்டுநர் அங்கேயே அழுதுகொண்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டான். மறுநாள் வெர்லின் அவனைக் கூப்பிட்டுத் திட்டினார், லாரியை ஏற்றியதற்காக அல்ல. "வாய மூடிட்டு நிக்கத் தெரியாதா உனக்கு?"

உச்சவரம்புத் தொகை ஆர்லிஸுக்கு வந்தது. இரண்டாவது அறுவைச் சிகிச்சையோடு கரைந்தது. நின்றுகொண்டே செய்கிற தொழில் என்பதால் கடை போயிற்று. பின்னாலேயே வீடும் போயிற்று. இப்போது தங்கை வீட்டு முன்னறையில் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கூட்டத்துக்கு அவள் சக்கர நாற்காலியில் வந்தாள். சக்கரமெல்லாம் பனி. பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் உண்டு. வெர்லின் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்காகக் கேக்க வரல" என்றாள் ஆர்லிஸ். "எனக்கு இனிமே ஒண்ணும் வராதுன்னு தெரியும். அடுத்து யாரு மேலயாவது ஏறும்ல, அவங்களுக்காவது அந்த வரம்ப எடுத்துவிடுங்க."

மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை, அவ்வளவுதான் பேசினாள்.

தான்யா ரீட்ஸ் என்ற புது உறுப்பினர், வரம்பை விட்டுக்கொடுத்தால் பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கேட்டாள். மனப்பாடமாகத் தெரிந்ததை வெர்லின் தாள்களில் தேடினார். கடைசியில், ஜூலை சுதந்திர தின வாணவேடிக்கைக்கு ஆகிற அளவுக்கு வரும் என்று முனகினார். அப்படியானால் வாணவேடிக்கையை நிறுத்திவிடலாமே என்றாள் தான்யா. மேயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அன்று மாலை அவர் முகத்தில் தெரிந்த முதல் வேதனை அது.

வெர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இரக்கமாகப் பேச வேண்டிய இடங்களுக்கென்று அவர் வைத்திருக்கும் குரல். "நமக்கும் மனசு இருக்குங்க. ஆனா பெரிய வழக்கு ஒண்ணு வந்தா நாளைக்கு பிரீமியம் ஏறும். அத யாரு சுமப்பா? ஊர்க்காரங்கதானே?"

"நானும் ஊர்க்காரிதான், வெர்லின்."

பதில் சொன்னால் அதுவும் கூட்டக் குறிப்பில் பதிவாகிவிடும். வெர்லின் வாக்கெடுப்புக்கு விடலாமே என்று மேயரைப் பார்த்தார். வரம்பு இருக்கட்டும் என்று தான்யாவைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். சிலர் மேசையைப் பார்த்தபடியே தூக்கினார்கள். வெர்லினுக்குப் பல்வலி விட்டதுபோல் இருந்தது.

ஆர்லிஸ் யாரையும் திட்டவில்லை. நாற்காலியைத் திருப்பி, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனாள். அவள் இருந்த இடத்தில் சக்கரங்களின் பனி உருகித் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது.

வெர்லின் சட்டென்று எழுந்தார். பின்னாலேயே போய் ஏதாவது சொல்லப்போகிறார் என்றுதான் தான்யாகூட நினைத்தாள். அவர் சுவரோர அலமாரிக்குப் போனார். 'தரை ஈரம், கவனம்' என்ற மஞ்சள் பலகையை எடுத்து வந்து, விரித்து, அந்தத் தண்ணீரின் நடுவில் நிறுத்தினார். எழுத்து எல்லோருக்கும் தெரிகிறதா என்று ஓரடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.