சிவப்புத் தாளுக்குள் தெரிந்த கிளி

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில், ஓட்டை போட்ட அட்டையைப் படித்துப் பூவேலை எடுக்கும் ஜக்கார்டு பெட்டிகள் ஒவ்வொரு தறியாக ஏறிக்கொண்டிருந்த காலம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, அட்டை குத்தும் தொழிலைத் தொடங்கியிருந்தேன்.

நான் பக்கத்திலிருக்கும் மாகறல் கிராமத்துக்காரன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்று இந்த ஊரில் என் டிசைன் ஏறாத தறி குறைவு என்று நானே சொல்லிக்கொள்வேன். சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஊரைவிட்டுக் கிளம்பும்போதே, "இனிமே இந்த ஏரைத் தொடமாட்டேன், பட்டுலதான் என் பொழப்பு" என்று என் அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவன். "பாக்கறேன்டா" என்று மட்டும் சொன்னார் அண்ணன். அந்தப் 'பாக்கறேன்டா' ரொம்ப நாள் என் காதுக்குள் உட்கார்ந்திருந்தது.

அட்டை குத்துவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புடவையில் வரவேண்டிய பூவையும் கிளியையும் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஜரிகை வரவேண்டிய கட்டத்துக்குச் சிவப்பு மை, பட்டு நூல் வரவேண்டிய கட்டத்துக்குப் பச்சை மை. நான் அந்தத் தாளை வரிவரியாகப் படித்து, சிவப்புக்கு ஓர் அட்டை, பச்சைக்கு ஓர் அட்டை என்று ஓட்டை போடவேண்டும். ஓட்டை உள்ள இடத்தில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை மேலே எழும். கட்டம் மாறினால் கிளியின் மூக்கு வால் பக்கம் போய்விடும்.

என் கையில் வேகம் இருந்தது. ஆனால் கண்ணில் ஒரு கோளாறு. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத்தான் தெரியும். சின்ன வயதில் மிளகாய் பறிக்கப் போனால் காயையும் பழத்தையும் கலந்து பறித்துவிட்டு அடி வாங்குவேன். கவனம் போதவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் வந்த வேலைகள் எல்லாம் ஒரே மையில் போட்ட சின்னப் புட்டாப் பூக்கள், தப்பித்தேன். இரண்டு மையில் ஏதாவது வந்தால், "கண்ணு நோவுது, நீ படிம்மா" என்று மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். அவள் "சேப்பு, சேப்பு, பச்சை" என்று பாட்டுப் போலச் சொல்லச் சொல்ல நான் குத்துவேன்.

அவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பிறகுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஊரில் பேர்பெற்ற பட்டு முதலாளி ஒருவருடைய மகளின் முகூர்த்தப் புடவை. அரக்கு நிற உடல் முழுக்கக் கொடி, கொடிக்குள் பச்சைக் கிளி, கிளிக்கு ஜரிகையில் மூக்கும் இறக்கையும். ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது படம்.

"இன்னாபா, முடியுமா? பெரிய கையாண்ட கொடுக்கட்டுமா?" என்றார் முதலாளி.

"என் கைய விடப் பெரிய கை எது மொதலாளி?" என்றேன். வாய் அப்படி.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். எறும்புப் புற்றைப் பார்ப்பது போல இருந்தது. எது கிளி, எது கொடி என்று ஒன்றும் பிரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லலாம். ஆனால் அட்டை குத்துகிறவனுக்கு நிறம் தெரியாது என்ற சேதி சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவுக்கும் போய்விடும். அப்புறம் எவன் தாளைக் கொண்டுவருவான்? மறுபடி மாகறல் ஏர்தான். அந்தப் புடவையை நெய்யவேண்டியவரும் வாசலில் வந்து நின்று, "பாவு ஏத்தி வெச்சிக்கினு சும்மா குந்திக்கினு இருக்கறேன்பா. கல்யாணம் ஆவணியில, தெரியுமில்ல?" என்று அரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வைகாசி கருடசேவை. பெருமாளிடம் முறையிடலாம் என்று விடிந்ததும் கிளம்பிப் போனேன். கும்பலில் சாமியின் குடை மட்டும் தெரிந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால் தெருவோரம் ஒருவர் காகிதக் காற்றாடி விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒன்று வாங்கலாமே என்று, "அந்தப் பச்சைய குடுங்கண்ணே" என்று கை காட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒன்றை எடுத்தார். மிட்டாய் சுற்றி வருமே, அந்த மாதிரி. அதைக் கண்ணருகே பிடித்து, நான் காட்டிய காற்றாடியைப் பார்த்தார்.

"தம்பி, நீ காட்டறது செவப்பு. பச்சை இந்தாண்ட இருக்குது."

"அதுக்கு எதுக்கு அந்தத் தாளு?"

"இது இல்லன்னா எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா."

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்த உலகத்தில் இன்னொருவரா! என் முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"உனக்குமா?" என்று சிரித்தார். "குந்து, குந்து."

அரக்கோணத்துக்காரராம். ரயில்வேயில் வேலை கிடைக்கிற நேரத்தில் கண் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "புள்ளி புள்ளியா ஒரு பொஸ்தகம் காட்டனாங்க. அவனவன் நம்பரு படிக்கறான். எனக்கு வெறும் புள்ளிதான். டாக்டரு முதுகுல தட்டி, உனக்குக் கொடி காட்டற வேல ஒத்துவராதுப்பான்னு அனுப்பிட்டாரு. அதுவும் நல்லதுக்குத்தான், இல்லன்னா எத்தினி ரயில மோத வுட்டிருப்பேனோ!" சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறவியிலேயே சிலருக்கு அப்படி இருக்கும், அடித்தாலும் திட்டினாலும் மாறாது என்று அந்த டாக்டர் சொன்னாராம். நான் வாங்கிய மிளகாய் அடி அத்தனையும் வீண் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தாளை என் கண்ணருகே பிடித்தார். சிவப்புக் காற்றாடி வெளுத்துப் போனது. பச்சைக் காற்றாடி கறுத்து நின்றது. அவ்வளவுதான் வித்தை.

நான் என் கதையைச் சொன்னேன். வெளியில் ஒருவரிடமும் சொல்லாததை, பெயர்கூடக் கேட்காத ஒருவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அந்தத் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணே, உங்க யாவாரம்?"

"புள்ளைங்க எது கேக்குதோ அதுங்களே எடுத்துக்கும். எனக்கு வேற தாளு கெடைக்கும். நீ போய்க் கிளிய புடி."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். தாளைப் படத்தின் மேல் போட்டேன். சிவப்புக் கட்டங்கள் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்தன. பச்சை மட்டும் கறுப்பாக எழுந்து நின்றது. அதில் ஒரு சிக்கல்: கரை ஓரத்தில் நீல மையில் போட்ட திருத்தங்களும் சேர்ந்து கறுத்தன. நீலத்தை என் வெறுங்கண்ணே பிரிக்கும். அதனால் தாளை எடுத்துவிட்டு ஒருமுறை பார்த்து நீலத்தைக் கழித்தேன். மிச்சமிருந்த பச்சைக்குப் பென்சில் புள்ளி வைத்தேன். மை இருந்தும் புள்ளி இல்லாத கட்டம் சிவப்பு. பழைய அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சன்னல் வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் பிடி, வேண்டாததைக் கழி, மிச்சத்தைக் குத்து. இந்த முறையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இது மட்டும் என் சொந்த மூளை!

அட்டைகள் தறி ஏறின. கிளி வருகிற நேரம் பார்த்து முதலாளியும் வந்துவிட்டார். நெய்கிறவர் ஊடை நூல் நாடாவை இழைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டே, "கிளி உசுரோட வருதா, இறக்க முறிஞ்சி வருதா, இப்பத் தெரிஞ்சிரும்" என்று என்னைச் சீண்டினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஏனென்றால் அரக்குமேல் பச்சை. துணி என் கண்ணுக்கு வெறும் துணி. அங்கங்கே ஜரிகை மின்னியதே தவிர, கிளி இருக்கிறதா இல்லையா என்று குத்தினவனுக்கே தெரியாது! தாளை எடுத்துப் பார்க்கலாம் என்றால் முதலாளி நிற்கிறார். துணியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் குனிந்தார். விரலால் தடவினார். மறுபடி தடவினார். என் அண்ணன் குரல் காதில் கேட்க ஆரம்பித்தது.

"இன்னாபா இது..." என்று நிமிர்ந்தார். "கைய வெச்சா பறந்துடும் போல இருக்குதே!"

அவர் போன பிறகு, நெய்கிறவர் டீ குடிக்க எழுந்த இடைவெளியில், தாளைக் கண்ணில் வைத்துக் குனிந்தேன். அரக்கு வெளுத்தது. கொடிக்குள்ளிருந்து ஒரு கிளி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் செய்த கிளியை நான் பார்த்தேன். கண்ணீர் வந்து அதுவும் மங்கிவிட்டது.

பிள்ளையோடு மனைவி திரும்பி வந்ததும், பெரிய ரகசியத்தைச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"கல்யாணமான புதுசுல அரக்குப் பொடவ கட்டிக்கினு நின்னேன். பச்சை உனக்கு எடுப்பா இருக்குதுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதா? எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்கிற ஆளா நீங்க?"

அந்தக் காற்றாடிக்காரரை ஒவ்வொரு கருடசேவையிலும் தேடினேன். பிறகு பார்க்கவே இல்லை. இன்று என் கடையில் மகன் கம்ப்யூட்டரில் ஒரு பச்சையைத் தொட்டால், படத்திலுள்ள பச்சையெல்லாம் தனியாக எழுந்து நிற்கிறது. வேண்டாததை இன்னொரு பொத்தானைத் தட்டிக் கழித்துவிடுகிறான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தெருவோரமும் வைகாசி வெயிலும் காற்றாடிச் சத்தமும்தான் வருகின்றன. எல்லாம் என் சொந்தக் கையால் வந்தது என்று ஊருக்குள் இன்றும் மார்தட்டுவேன், அதில் பொய்யில்லை. ஆனால் அந்தக் கைக்கு வேண்டிய கண், ஒருவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதை, மங்கிப்போன அந்தத் தாளைத் தொடும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.